கந்தோர் மொழியும் குசினி மொழியும்

எங்களில் அநேகமானோர் பிரெஞ்சு மொழியை ஆங்கிலத்துக்கூடாகவே கற்றுக்கொண்டோம். பிரெஞ்சுச் சொல்லொன்று காதில் விழும். அதைப் பிரெஞ்சு - ஆங்கிலப் பொக்கற் அகராதியில் தேடுவோம். அங்கே கிடைக்கிற ஆங்கிலச் சொல்லை லிஃப்கோவில் தேடுவோம். இரண்டு வாசல் தாண்டித்தான் பொருள் வந்து சேரும். வரும்போது சிலவேளை வேறு ஆளாக மாறிப் போயிருக்கும். இப்போது கைத்தொலைபேசி வந்துவிட்டது. ஆனாலும் லாச்சப்பலில் நாலு பேர் கூடி ஒரு கடிதத்தை வாசிக்கிற இடத்தில் 'இதுக்கு இங்கிலீசில என்ன?' என்ற கேள்விதான் இன்னமும் முதலில் வருகிறது.

ஆங்கிலம் எங்களுடைய மொழியுமல்ல, இந்த நாட்டவருடைய மொழியுமல்ல. பிறகு ஏன் அது நடுவில் வந்து குந்திக்கொண்டிருக்கிறது? இது வெறும் வசதி பற்றிய விடயம் அல்ல. 'துமாந்தே' என்ற பிரெஞ்சு வினைச்சொல்லுக்குக் 'கேட்டல்' என்பதே பொருள். ஊரில் ஆங்கிலம் படித்தவரின் காதில் அது 'டிமாண்ட்' என்று விழுகிறது. அடித்துக் கேட்பது, வற்புறுத்திக் கேட்பது. தஞ்சம் 'கேட்பவர்' ஆங்கிலக் காதுக்குள் தஞ்சத்தை 'வற்புறுத்துபவர்' ஆகிவிடுகிறார். 'அத்தோந்த்ர்' என்றால் காத்திருத்தல். ஆங்கிலம் தெரிந்தவருக்கு அது சமுகமளித்தல் போலக் கேட்கும். 'லிப்றேறி' என்ற பலகை நூலகம் போலத் தெரியும். உள்ளே போனால் புத்தகத்துக்குக் காசு கேட்பார்கள்.

இந்த நடுவாளை எங்கள் வீட்டுக்குள் கூட்டிவந்தவர்கள் யார் என்று பார்ப்பதற்குக் கொஞ்சம் பின்னே போக வேண்டும்.

ஆங்கிலத்துக்கு முன்னரும் அந்நியச் சொற்கள் எங்களிடம் வந்தன. அவை அகராதியோடு வரவில்லை. போர்த்துக்கேயரோடு குசினி வந்தது, பாண் வந்தது, மேசை, கதிரை, அலுமாரி, துவாய், சப்பாத்து, காம்பிறா எல்லாம் வந்தன. ஒல்லாந்தரோடு கந்தோரும் லாச்சியும் வந்தன. எவரும் அவற்றுக்குப் பொருள் கேட்டுக் கொப்பியில் எழுதி வைக்கவில்லை. பொருள் கையில் இருந்தது, பெயர் வாயில் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். யாழ்ப்பாணத்துக் கிழவி ஒருத்தியிடம் 'குசினி' போர்த்துக்கேயச் சொல் என்று சொன்னால் சிரிப்பாள். (பாரிசில் வந்திறங்கியவர்களுக்கு இது நல்லதொரு உதவியாக இருந்தது. 'குய்சீன்' என்பதை எவருக்கும் விளங்கப்படுத்த வேண்டியிருக்கவில்லை. 'பாண்' என்பதற்கும் 'ஷாம்ப்ர்' என்பதற்கும் அப்படியே. இலத்தீனுக்குப் பிறந்த பிள்ளைகள் இரண்டு வழியால் எங்களிடம் வந்து சேர்ந்திருக்கின்றன.)

அகராதி என்ற சங்கதி பாதிரிமாரோடு வருகிறது. அந்தாவ் த புறோயென்சா என்ற போர்த்துக்கேயப் பாதிரியாரின் தமிழ் - போர்த்துக்கேய அகராதி, அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பின் 1679இல் கேரளத்து அம்பலக்காட்டில் அச்சாகியது. அதன் பிரதி ஒன்று வத்திக்கான் நூலகத்தில் கிடந்தது. அதைத் தேடியெடுத்து 1966இல் கோலாலம்பூரில் மறுபதிப்பாக வெளியிட்டவர் எங்கள் ஊர்க்காரரான தனிநாயகம் அடிகள். 1672இல் யாழ்ப்பாணத்து ஒல்லாந்தப் போதகர் பால்தேயுஸ் தன் நூலில் தமிழ் எழுத்தையும் இலக்கணத்தையும் அறிமுகம் செய்திருந்தார். 1732இல் வீரமாமுனிவரின் சதுரகராதி.

இவற்றில் ஒரு பொதுவான சங்கதி உண்டு. கேள்வி கேட்டவன் வெள்ளைக்காரன். 'இதற்கு என்ன பொருள்? இப்படிச் சொல்வீர்களா, அப்படிச் சொல்வீர்களா? இந்தச் சொல்லைக் கோயிலில் சொல்லலாமா, சந்தையில் சொல்லலாமா?' என்று கேட்டவன் அவன். பதில் சொன்னவன் தமிழன். மொழி படிக்கிறவனுக்கே உரிய அந்தச் சங்கடம், பிழையாகப் பேசிச் சிரிப்புக்கு ஆளாகிற அந்தப் பயம், முதலில் அவர்களுடையதாகத்தான் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் கதிரை மாறுகிறது.

அமெரிக்க மிசனரிமார் யாழ்ப்பாணத்துக்கு வந்தது 1816இல். அவர்களுக்கென்று 1820இல் வந்த அச்சுத் தொழிலாளி கறற் என்பவரை ஆங்கிலேய நிர்வாகம் தீவில் தங்க விடவில்லை. அவர் வெளியேற வேண்டியதாயிற்று. (விசா மறுக்கப்பட்டவர்களின் பட்டியலில் ஓர் அமெரிக்கரும் இருக்கிறார் என்பது எங்களுக்குக் கொஞ்சம் ஆறுதல்.) 1830களில்தான் மானிப்பாயில் அவர்களுடைய அச்சகம் ஒழுங்காக இயங்கத் தொடங்கியது. அதற்கு முன்பே, 1823இல், வட்டுக்கோட்டைச் செமினறி திறக்கப்பட்டுவிட்டது. அங்கேதான் யாழ்ப்பாணத்துப் பிள்ளை முதன்முறையாக 'இதற்கு என்ன பொருள்?' என்று கேட்கிற வாங்கில் அமர்ந்தான்.

ஒரே முற்றத்தில் இரண்டு வகுப்புகள் நடந்தன என்று சொல்லலாம். ஒரு பக்கத்தில் பாதிரியார் தமிழ்ச் சொல்லுக்குப் பொருள் கேட்டார். மறுபக்கத்தில் பையன் ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் கேட்டான். 1842இல் 'மானிப்பாய் அகராதி' என்று அறியப்படும் யாழ்ப்பாண அகராதி வெளிவந்தது. ஐம்பத்தெட்டாயிரத்துக்கு மேற்பட்ட சொற்கள், தமிழுக்குத் தமிழ். அதன் பெரும் உழைப்பு சந்திரசேகர பண்டிதருடையது. 1862இல் சென்னையில் வின்சுலோவின் தமிழ் - ஆங்கில அகராதி, அறுபத்தேழாயிரத்துக்கு மேற்பட்ட சொற்களோடு. வின்சுலோ உடுவிலில் பல ஆண்டுகள் இருந்து 1836இல் சென்னைக்குப் போனவர். ஆனால் அந்த அகராதிக்குச் சொல் சேர்க்கத் தொடங்கியவர் அவரல்லர். நல்லூரில் இருந்த யோசப் நைற் பாதிரியார். அவர் இறந்துபோக, சேர்த்த சொற்கள் கைமாறின. சென்னையில் இராமாநுச கவிராயர் போன்ற புலவர்களின் துணையும் கிடைத்தது. பிறகு சென்னைப் பல்கலைக்கழகம் 1924க்கும் 1936க்கும் இடையில் வெளியிட்ட பேரகராதிக்கும் வின்சுலோவின் நூலே ஓர் அடித்தளம்.

புத்தகத்தின் முகப்பில் வின்சுலோவின் பெயர் இருக்கிறது. திண்ணையிலும் வயலிலும் கடற்கரையிலும் பதில் சொன்னவர்களின் பெயர் இல்லை. மீன் பெயர்களைச் சொன்னவர் யார்? பிள்ளைப்பேற்றுச் சொற்களைச் சொன்ன பெண் யார்? பண்டிதர்கள் ஒரு சிலர் முன்னுரைக்குள்ளாவது வந்து சேர்ந்தார்கள். மற்றவர்களுக்கு அதுவும் இல்லை. அந்த அகராதியின் ஆங்கிலத் தலைப்பிலேயே 'உயர்ந்த தமிழும் தாழ்ந்த தமிழும்' என்று இருக்கிறது. எங்கள் ஊரில் உயர்வு தாழ்வு என்ற சொற்கள் மொழியோடு மட்டும் நிற்பதில்லை என்பதை நாங்கள் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

வெஸ்லியன் பாதிரியார் பீற்றர் பெர்சிவல் இந்த விடயத்தில் தனியே பார்க்கப்பட வேண்டியவர். தனிச் சொல்லுக்குப் பொருள் தெரிந்தால் மொழி தெரிந்ததாகாது என்பது அவருக்கு விளங்கியிருந்தது. 1840களில் யாழ்ப்பாணத்தில் தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி ஆங்கில மொழிபெயர்ப்போடு அச்சிட்டார். பின்னர் 1874இல் அது ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பழமொழிகளாக விரிந்தது. ஒருவன் வாய்க்கு வாய் சொல்லுகிற கதையைப் பிடித்தால்தான் அவன் மனதைப் பிடிக்கலாம் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். மதம் மாற்ற வந்தவருக்கு அது தேவையுந்தான். அவரோடு பைபிள் மொழிபெயர்ப்பில் உழைத்தவர் ஆறுமுக நாவலர். 1847இல் பெர்சிவல் தன் பாடசாலையில் ஒடுக்கப்பட்ட சாதிப் பையன் ஒருவனைச் சேர்த்துக்கொண்டபோது வெள்ளாளப் பிள்ளைகள் வெளியேறினார்கள். ஆங்கிலம் வேண்டும், ஆனால் அதே வாங்கில் அவன் இருக்கக் கூடாது! அடுத்த ஆண்டு வண்ணார்பண்ணையில் நாவலரின் சைவப்பிரகாச வித்தியாசாலை தொடங்குகிறது. நாவலரின் வசனநடையை நாங்கள் மதிக்கிறோம். அது வேறு. யார் யாருக்குச் சொல்லின் பொருளைக் கேட்க அனுமதி இருந்தது என்பது இன்னொரு கேள்வி. அந்தக் கேள்வியை எங்கள் கல்வி வரலாறுகள் அதிகம் கேட்பதில்லை.

வட்டுக்கோட்டைச் செமினறியை 1855இல் மிசனே மூடியது. அமெரிக்காவிலிருந்து வந்த றூபஸ் அண்டர்சன் குழுவினருக்கு, தங்கள் காசில் ஆங்கிலம் படித்தவர்கள் போதகர்களாகாமல் அரசாங்க உத்தியோகத்துக்குப் போகிறார்கள் என்று தெரிந்தது. உண்மைதான். பொருள் கேட்டவன் பொருள் தேடிப் போய்விட்டான். இரண்டு ஆண்டு கழித்து, 1857இல், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளாக வெளிவந்த சி.வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும் அந்தச் செமினறியில் படித்தவர்களே. தாமோதரம்பிள்ளை பிறகு தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் பதிப்பித்தார் என்பது எல்லோரும் அறிந்தது. மானிப்பாயில் இருந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் மட்டும் எதிர்த்திசையில் நடந்தார். வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார், சொற்களைப் புதிதாக ஆக்கினார். தமிழில் படித்தவர்கள் உத்தியோகம் தேடி ஓடாமல் கிராமங்களிலேயே தங்குவார்கள் என்பது அவருடைய கணக்கு. கணக்குச் சரி. ஆனால் யாழ்ப்பாணத்தான் தங்குவதற்காகவா படித்தான்?

பிறகு நடந்ததை விரித்துச் சொல்லத் தேவையில்லை. கொழும்புக் கந்தோர்கள், மலாயாவின் ரயில்வே, தபால், கணக்குப் பகுதிகள். எங்கள் பாட்டன், பூட்டன் காலத்தில் ஆங்கிலம் ஒரு மொழியாக இருக்கவில்லை; அது மாதச் சம்பளமாக இருந்தது. கோர்ட்டும் கழுத்துப்பட்டியும் போட்டுக்கொண்டு எடுத்த படம், ஒரு கிளாக்கர் மாப்பிள்ளை, ஒரு கல்வீடு. தரிசு மண்ணில் விளைந்த ஒரே பயிர் என்று அதைச் சொல்லுவார்கள். அந்தப் பயிர் எந்தக் காணிக்காரனுக்கு விளைந்தது, எந்தக் கூலிக்காரனுக்கு விளையவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1956இன் 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டம் இந்தக் கந்தோரின் கதவை அடைத்தது. ஆங்கிலத்தில் எல்லாம் எழுதத் தெரிந்த தமிழ் உத்தியோகத்தர் சிங்களச் சோதனை பாஸ் பண்ணினால்தான் சம்பள உயர்வு என்றானது. கோடீஸ்வரன் என்ற எழுதுவினைஞர் சோதனைக்கு இருக்க மறுத்தார். 1962இல் அவருடைய சம்பள உயர்வு நிறுத்தப்பட்டது. வழக்குப் போட்டார். 1964இல் மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 1967இல் உயர் நீதிமன்றம், அரசாங்க ஊழியர் தன் சம்பளத்துக்காக அரசின் மேல் வழக்காட முடியாது என்று அதைத் தள்ளியது. 1969இல் லண்டன் பிரிவிக் கவுன்சில், வழக்காட முடியும் என்றது. மொழிச் சட்டம் செல்லுமா செல்லாதா என்ற மூலக் கேள்வியைத் திருப்பி அனுப்பியது. அந்தக் கேள்விக்கு எந்த நீதிமன்றமும் பதில் சொல்லவில்லை. அதற்குள் பிரிவிக் கவுன்சிலுக்கான வழியும் அடைபட்டு, 1972இல் புதிய யாப்பும் வந்துவிட்டது. அடுத்த தலைமுறைக்குத் தரப்படுத்தல். அதற்கடுத்தது நாங்கள்.

நாங்கள் ஆங்கிலம் படித்த காலத்தில் கந்தோரும் இல்லை, மலாயாவும் இல்லை. ஆனாலும் படித்தோம். ரியூட்டறிக் கொட்டிலில், குப்பிவிளக்கு வெளிச்சத்தில், மரபுத்தொடர்களைப் பாடமாக்கினோம். மழை பூனையும் நாயுமாகப் பெய்யும் என்று மனனம் செய்தோம். எங்கள் ஊர் மழை சோவென்று கொட்டும். எந்தப் பூனையும் விழுந்து நாங்கள் கண்டதில்லை. இங்கே வந்து பார்த்தால் பிரெஞ்சு மழை 'கயிறு கயிறாக' விழுகிறது. மனம் சோர்ந்தவன் தன்னிடம் 'கரப்பான் இருக்கிறது' என்கிறான். வருகிறேன் என்று சொல்லி வராமல் விட்டவன் 'முயல் வைத்துவிட்டான்'. பல்கலைக்கழகத்தை அரைவாசியில் விட்டுவிட்டு வந்த எங்களுக்கு, இவற்றைக் கேட்டு விளங்கிக்கொள்வதற்கு ஒரு பல்கலைக்கழகம் கிடைத்தது. அது நிலத்துக்குக் கீழே, சன்னல் இல்லாத குசினி.

எங்களில் பலரின் முதல் வேலைக்குப் பெயர் 'புளோஞ்'. அகராதியில் பார்த்தால் தண்ணீருக்குள் குதித்தல், சுழியோடுதல் என்று வரும். உண்மையில் கோப்பை கழுவுதல். செஃப் ஓடர் சொல்ல, 'சா மார்ஷ்' என்று பதில் சொல்ல வேண்டும். 'அது நடக்கிறது' என்று அர்த்தமாம். எது நடக்கிறது? ஒன்றுமில்லை, 'ஓம், சரி' என்பதுதான். கொதிக்கிற சட்டியோடு பின்னால் வருகிறவன் 'ஷோ துவோந்' என்று கத்துவான். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'சூடு முன்னால்'. அகராதி பார்க்க நேரம் இல்லை. விலகாவிட்டால் முதுகு பொருளைப் படித்துவிடும். குசினி வேலைகளைப் படை போல வரிசைப்படுத்தி ஒழுங்குசெய்தவர் எஸ்கோஃபியே. அவர் 1870 யுத்தத்தில் பிரெஞ்சுப் படைக்குச் சமைத்தவர். இன்றைக்கும் குசினியில் வேலைசெய்கிறவர்களைச் சேர்த்து 'பிரிகேட்' என்றுதான் சொல்கிறார்கள். அந்தப் படையில் கீழ்நிலைச் சமையல்காரனுக்கு 'கொமி' என்று பெயர். இந்தச் சொல்லை ஒருநாள் ஆறுதலாகத் தேடிப் பார்த்தோம். 'கொமி' என்றால் பிரெஞ்சில் எழுதுவினைஞர், கிளாக்கர். எங்கள் பாட்டன்மார் கிளாக்கர். நாங்களும் கிளாக்கர். கந்தோர் மட்டும் மாறியிருக்கிறது.

சிரிக்க முடியாத சொற்களும் உண்டு. அகதி விண்ணப்பத்தில் 'இயக்கம்' என்று ஒருவர் சொல்வார். எங்களுக்கு அதில் எந்த மயக்கமும் இல்லை. பிரெஞ்சில் அது வெறும் 'அசைவு' ஆகலாம், ஒரு சமூக அமைப்பு ஆகலாம், ஆயுதக் குழு ஆகலாம். 'பிடிச்சுக்கொண்டு போனாங்கள்' என்பது கைதா, கடத்தலா? ஊரில் அந்த வேறுபாடு இருந்திருந்தால் நாங்கள் ஏன் வருகிறோம்? 'உதவி செய்தோம்' என்பது சாப்பாட்டுப் பார்சல் கொடுத்ததா, வேறு ஏதுமா? 'அவர் காணாமல் போய்விட்டார்' என்று தாய் சொல்கிறாள். தானாகவே போனார் என்றும் மொழிபெயர்க்கலாம். 'காணாமல் ஆக்கப்பட்டவர்' என்ற சொல்லை எங்கள் தாய்மார் வீதியில் இருந்து போராடித்தான் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். அந்த ஒரு வினைமாற்றத்துக்குள் ஒரு குற்றவாளி இருக்கிறான். மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து பதில் சொல்கிறவனுக்குத் தன் சொல் எந்தச் சொல்லாகப் போய் அந்தப் பக்கம் விழுகிறது என்று தெரியாது. வின்சுலோவின் திண்ணையில் பதில் சொன்னவனுக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அவனுடைய உயிர் அதில் தங்கியிருக்கவில்லை.

எங்களிடமிருந்து போன சொற்களையும் பார்க்க வேண்டும். சுருட்டு, கட்டுமரம், மிளகுதண்ணீர், கறி எல்லாம் ஆங்கிலத்துக்குள் போனதை யூல், பேர்னெல் இருவரும் 1886இல் 'ஹொப்சன் - ஜொப்சன்' என்ற தடித்த புத்தகத்தில் எழுதினார்கள். பெருமைப்படுகிறவர்கள் இந்தப் பட்டியலைச் சொல்லிப் பெருமைப்படுவார்கள். அதே பட்டியலில் இன்னொரு சொல் இருக்கிறது. அதைச் சொல்லும்போது குரல் தாழ்ந்துவிடும். 'பறையர்' என்பதைப் போர்த்துக்கேயர் பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுதிக்கொண்டார்கள். பிரெஞ்சில் அது 'பரியா' ஆனது. 1821இல் பாரிஸ் ஓதியோன் அரங்கில் 'பரியா' என்றே ஒரு நாடகம் மேடையேறியது. 1838இல் ஃபுளோறா திரிஸ்தான் தன் பயண நூலின் தலைப்பில் தன்னையே 'ஒரு பரியா' என்று சொல்லிக்கொண்டார். 1933இல் பாரிசுக்கு அகதியாக வந்து, பிறகு அமெரிக்காவுக்குத் தப்பிப்போன யூதப் பெண் ஹன்னா ஆரென்ட், 'நாங்கள் அகதிகள்' என்ற கட்டுரையை 1943இலும், யூதரைப் 'பரியா' என்று பார்க்கும் கட்டுரையை அடுத்த ஆண்டிலும் எழுதினார். ஒதுக்கப்பட்டவன் எவனுக்கும் அந்தப் பெயர் பொருந்துகிறது இங்கே. அகதிகளைப் பற்றி எழுதும் பிரெஞ்சுப் பத்திரிகைகளும் தயக்கமின்றி அதைப் பயன்படுத்துகின்றன, இரக்கத்தோடுதான்.

ஒருமுறை சம்பளம் பிந்தியபோது எங்களோடு வேலைசெய்த பிரெஞ்சுக்காரர் ஒருவர் ஆத்திரத்தில், 'நாங்கள் எல்லோரும் பரியாக்கள்' என்றார். பக்கத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த எங்கள் ஊர்க்காரர் சட்டென்று நிமிர்ந்து, பிரெஞ்சுக்காரரை அல்ல, எங்களைப் பார்த்தார். நாங்கள்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறோம் என்று நினைத்தாரோ தெரியாது. அது பிரெஞ்சில் எல்லோருக்கும் சொல்கிற சொல் என்று விளங்கப்படுத்தினோம். 'எல்லாருக்கும் எண்டால் நல்லதுதானே' என்றுவிட்டுத் திரும்பவும் கழுவத் தொடங்கினார். ஐந்நூறு வருடப் பயணத்தில் அந்தச் சொல் பரந்து, கவுரவமும் பெற்றுவிட்டது. லாச்சப்பலில் அறைக்கு ஆள் சேர்க்கும்போது 'ஊரில் எந்தப் பக்கம்?' என்று கேட்கிறார்களே, அந்தக் கேள்விக்குள் மட்டும் அது பழைய பொருளோடு இருக்கிறது.

பிரெஞ்சுக்கும் தமிழுக்கும் நேர்வழி இல்லாமல் இருந்ததும் இல்லை. புதுச்சேரியில் மூசே, துய்புய்யி என்ற இரு பாதிரிமாரின் தமிழ் - பிரெஞ்சு அகராதி 1855இல் முதல் பாகமும் 1862இல் இரண்டாம் பாகமுமாக அச்சாகியது. வின்சுலோ வெளிவந்த அதே ஆண்டு! காரைக்காலில் வளர்ந்த சூலியான் வேன்சோன் பாரிசின் கீழைத்தேய மொழிகள் பள்ளியில் தமிழ் கற்பித்து, 1903இல் தமிழ்ப் பாடநூலும் எழுதினார். அந்தப் பள்ளியின் இன்றைய வடிவத்தில் தமிழ் இன்னும் கற்பிக்கப்படுகிறது. எங்களை ஆண்டவன் ஆங்கிலேயன் என்பதால் நாங்கள் வின்சுலோவின் பிள்ளைகளானோம், புதுச்சேரிக்காரர் மற்றவரின் பிள்ளைகளானார்கள்.

தமிழ் அகராதியும் எங்களை நெடுங்காலம் வெளியே நிற்கவிட்டது. 1992இல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, 2008 பதிப்பில்தான் இலங்கை வழக்குகளைச் சேர்த்துக்கொண்டது. அந்தச் சொற்களுக்குப் பக்கத்தில் அவை இலங்கை வழக்கு என்று ஒரு குறி இருக்கும். நல்ல காரியந்தான். ஆனால் பாரிஸ் குசினிக்குள் எங்கள் வாயில் பிறந்து வளர்கிற தமிழுக்கு இன்னும் குறியுமில்லை, பக்கமுமில்லை. 'புளோஞ் அடிக்கிறான்', 'கார்ட்டுக்குப் போட்டிருக்கு', 'றெஃப்யூசே வந்திட்டுது' எல்லாம் தமிழ்தான். கேட்டவுடன் எங்களில் எவருக்கும் வயிறு கலங்குகிற தமிழ்.

புதிதாக வேலைக்கு வருகிற பெடியங்களுக்கு நாங்கள் இப்போது பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே ஒரு காகிதம் ஒட்டி வைத்திருக்கிறோம். கரண்டிக்கு என்ன, கரிச்சட்டிக்கு என்ன, 'முடிஞ்சுது' என்று எப்படிச் சொல்வது. ஒருவர் எழுதியதை இன்னொருவர் வெட்டித் திருத்தியிருக்கிறார். மத்தியானம் பன்னிரண்டரைக்குச் சனம் வந்து நிறைய, ஓடர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். அந்த அவசர நேரத்துக்குக் குசினியில் 'கூ து ஃபூ' என்று பெயர். வன்னியிலிருந்து வந்த பெடியன் போன கிழமை கேட்டான், 'அண்ணை, கூ து ஃபூ எண்டால் என்ன?' 'வேலை கூடின நேரம்' என்று சொன்னோம். காகிதத்திலும் அப்படித்தான் எழுதியிருக்கிறோம். அகராதியில் முதலில் வருகிற பொருள் துப்பாக்கி வேட்டு. அதை எழுதவில்லை.